முகமூடிக்காரருக்குப் பக்கத்தில் நின்றவர்



அமெரிக்க வரலாறு என்றால் கொலம்பஸ், வாஷிங்டன், லிங்கன் என்று நடத்திவிட்டுப் போனவன் நான். அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்குப் பாடப்புத்தகம் ஒரு பத்தி ஒதுக்கியது. நானும் அதற்குமேல் சொல்லவில்லை. அந்தப் பழைய பாக்கியில் கொஞ்சமாவது இன்று தீர்க்கிறேன்.

அவர் பெயர் ஜே சில்வர்ஹீல்ஸ். இயற்பெயர் ஹரால்ட் ஸ்மித். 1912-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடிப் பகுதியில், மோஹாக் இனத்தில் பிறந்தவர். நுனியில் வலை கட்டிய கோலால் பந்தை ஏந்தி எறியும் லக்ரோஸ், அவருடைய மக்களே உலகுக்குத் தந்த விளையாட்டு. அதில் பெயர் பெற்ற வீரர், குத்துச்சண்டையும் தெரியும். 1930-களில் விளையாடப் போன இடத்தில் ஜோ ஈ. பிரவுன் என்ற நகைச்சுவை நடிகர் கண்ணில் பட்டார். அவர் ஊக்கப்படுத்த, ஹாலிவுட்டில் நுழைந்தார். ஆனால் பல ஆண்டுகள் கூட்டத்தில் ஒருவர்தான்.

அந்தக் கால ஹாலிவுட்டில் பூர்வகுடித் தலைவர் வேடம் பெரிதாக இருந்தால், வெள்ளைக்காரருக்குச் சாயம் பூசி நடிக்க வைப்பார்கள். 1950-இல் வந்த 'புரோக்கன் ஆரோ' படத்தில் தலைவர் கொச்சிஸாக நடித்தவர் ஜெஃப் சாண்ட்லர் என்ற வெள்ளைக்காரர். நம்மவருக்கு ஜெரோனிமோ என்ற சிறிய வேடம்.

1949-இல் 'தி லோன் ரேஞ்சர்' தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. முகமூடி அணிந்த வீரரின் தோழன் டோன்டோவாக இவர் வந்தார். 1957 வரை 221 பகுதிகள். நடுவில் கதாநாயகன் கிளேட்டன் மூர் விலகி, வேறொருவர் முகமூடி அணிந்தார். பிறகு மூரே திரும்பி வந்தார். டோன்டோ மட்டும் மாறவே இல்லை. ஆங்கிலம் சரளமாகப் பேசும் மனிதருக்கு எழுதித் தந்ததோ கொச்சை ஆங்கிலம். வீடு வீடாகப் புகழ் சேர்ந்தது. அதே புகழ் அவரை டோன்டோவுக்குள்ளேயே அடைத்தும் போட்டது. பூர்வகுடி இளைஞர்கள் சிலர் அந்த வேடத்தையே குறை சொன்னார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் பூர்வகுடி நடிகர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பட்டறை தொடங்க முன்னின்றார். தனக்குத் திறக்காத கதவை அடுத்தவர்களுக்காகத் தட்டினார். 1979-இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதித்தார்கள். மறு ஆண்டு மார்ச் மாதம், 67 வயதில் காலமானார். அஸ்தி பிறந்த மண்ணுக்கே போய்ச் சேர்ந்தது.

இதைப் படித்த நாளிலிருந்து ஒன்று மனதை அரிக்கிறது. ஆண்டு விழா நாடகங்களை நான்தான் பல வருடம் போட்டேன். சிவப்பாக இருந்த பையன் ராஜா. கறுப்பாக, ஒல்லியாக இருந்தவன் வாயிற்காவலன். வசனம் யாருக்கு நன்றாக வரும் என்று ஒருநாளும் வாசிக்கச் சொல்லிப் பார்த்ததில்லை. ஈட்டியோடு ஓரமாக நின்றவர்களில் யாராவது இதைப் படித்தால், சாரை மன்னித்துவிடுங்கள்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். வேடம் கொடுக்கும் முன் எல்லாப் பிள்ளைகளையும் ஒருமுறை ராஜா வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அது போதும் எனக்கு.