ஊதியவர் யார்? கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம் எழுப்பும் ஒரு வரலாற்று வினா

முன்னுரை

அருங்காட்சியகங்கள் பொருள்களைக் காக்கின்றன. அவற்றைச் செய்த மக்களைக் குறித்துப் பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றன. பேழைக்குள் வைக்கப்பெற்ற ஒரு கிண்ணத்தின் கீழே அது தோன்றிய காலமும், கிடைத்த இடமும், அதனை வழங்கிய செல்வரின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். செய்தவர் பெயருக்குரிய இடம் வெறுமையாகவே இருக்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டில், நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதியில், செமங் ஆற்றங்கரையிலுள்ள கார்னிங் என்னும் சிறு நகரின் கண்ணாடி அருங்காட்சியகம் இவ்வகையில் சற்று வேறுபட்டது. அங்கே பழம்பொருள்கள் வைக்கப்பட்டிருக்கும் அதே வளாகத்தில் உலையும் எரிகிறது. தொழிலாளர் பார்வையாளரின் கண்முன்னே கண்ணாடியை ஊதி உருவாக்குகின்றனர். பொருளும் அதனைச் செய்யும் கையும் இவ்வாறு அருகருகே இருப்பது வரலாற்றைக் கற்போருக்கு ஒரு வினாவை எழுப்புகிறது. அதனையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

1. உலையின் முன்

2015ஆம் ஆண்டில் இவ்வருங்காட்சியகத்தின் புதிய பகுதி திறக்கப்பட்டபோது, பழைய கண்ணாடித் தொழிற்சாலைக் கட்டடமொன்று ஏறத்தாழ 500 பேர் அமரத்தக்க அரங்கமாக மாற்றியமைக்கப்பட்டது. அங்கு நாம் அமர்ந்து காண்பது யாதெனில்: மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உருகிய குழம்பு, ஏறத்தாழ 1,100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உலையினுள் தேன்போல் கிடக்கிறது. நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் அதனைச் சுற்றி எடுக்கின்றனர். பின்னர்த் தலைமைத் தொழிலாளி ஓர் இருக்கையில் அமர்ந்து, குழாயை இடக்கையால் ஓயாது உருட்டிக்கொண்டே, இடுக்கியாலும் நனைத்து மடித்த செய்தித்தாளாலும் குழம்பிற்கு வடிவம் தருகிறார். உருட்டுவதை நிறுத்தினால் குழம்பு ஒரு பக்கமாகத் தொய்ந்துவிடும்.

இந்நிலையில் குழாயின் மறுமுனையில் மண்டியிட்டு ஊதுபவர் வேறொருவர் என்பதை நாம் கவனிக்கவேண்டும். வடிவம் தருபவர் ஒருவர், மூச்சு தருபவர் மற்றொருவர், உலைக்கதவைத் திறப்பவர் இன்னொருவர். முடிந்த பொருளை உடனே வெளியில் வைத்தால், புறம் முந்தியும் அகம் பிந்தியும் குளிர்வதால் உண்டாகும் இறுக்கத்தினால் அது வெடித்துவிடும். ஆகவே, அதனைத் தனி அடுப்பில் இட்டுப் பல மணி நேரம் மெல்ல மெல்ல ஆறவைக்கின்றனர். மறுநாள் அது பேழைக்குச் செல்லும்போது, அதன்மேல் யாருடைய பெயரை எழுதுவது?

2. பெயர் பொறித்தவரும் பொறிக்காதவரும்

இவ்வருங்காட்சியகத்தின் தொகுப்பு ஏறத்தாழ 3,500 ஆண்டுக்கால வரலாற்றைத் தழுவியது. கி.மு. பதினைந்தாம் நூற்றாண்டைச் சார்ந்த எகிப்திய மன்னன் ஒருவனின் சிறிய கண்ணாடித் தலையுருவம் அங்குள்ளது. அது இரண்டாம் அமெனோதெப்பைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது. மன்னன் யார் என்று அறிஞர் ஆராய்கின்றனர். சிற்பி யார் என்று அறியும் வழியே இல்லை.

அக்காலத்தில் கண்ணாடியை ஊதும் முறை அறியப்படவில்லை. குழாயினால் ஊதும் வழக்கம் கி.மு. முதல் நூற்றாண்டில் சீரிய, பாலஸ்தீனக் கடலோரத்தையொட்டிய நிலப்பகுதியில் தோன்றியது. இதற்கான மிகத் தொன்மையான சான்றுகளுள் ஒன்று எருசலேமில், யூதர் பகுதியில் நிகழ்ந்த அகழாய்வில் வெளிப்பட்டமை இறையியல் மாணவர்க்கு ஆர்வமூட்டுவதாகும். நுனி ஊதிப் பருத்த கண்ணாடிக் குழல்கள் ஒரு தொழிற்கூடத்தின் கழிவுகளோடு அங்குக் கிடைத்தன. உலகின் கைத்தொழிலை மாற்றிய இக்கண்டுபிடிப்பின் தொடக்கத்தைக் குப்பைக்குழியே நமக்கு அறிவித்தது. கண்டுபிடித்தவரின் பெயரோ எங்குமில்லை.

எனினும், விரைவில் ஒருவர் தம் பெயரைப் பொறித்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் எனியோன் என்பவர் அச்சில் ஊதிய தம் பாத்திரங்களின்மேல், அவற்றைச் செய்தவர் தாமே எனக் கிரேக்க எழுத்தில் பதித்தார். 2015ஆம் ஆண்டில் கார்னிங்கில் அவருடைய படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சியே நடைபெற்றது. ஆயினும், அது பட்டறையின் முத்திரையா, ஒரு மனிதரின் கையொப்பமா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. அவ்வச்சில் ஊதியவர் எத்தனை பேரோ!

பெயர் கிட்டினும் உரிமை கிட்டாத காலமும் உண்டு. 1291ஆம் ஆண்டில் வெனிஸ் நகர ஆட்சி தன் கண்ணாடி உலைகளை முரானோ தீவிற்கு மாற்றியது. அங்கு வாழ்ந்த கைவினைஞர் பெருமதிப்புப் பெற்றனர். ஆனால், தொழில் இரகசியத்தோடு அயல்நாடு செல்ல அவர்களுக்குத் தடை இருந்தது.

3. ஆலையும் சிறுவரும்

கார்னிங் நகரின் கதை தொழிற்சாலையின் கதையாகும். 1868ஆம் ஆண்டில் புரூக்ளினிலிருந்து ஒரு கண்ணாடி நிறுவனம் இங்குக் குடிபெயர்ந்தது. 1880 அளவில் எடிசனின் மின்விளக்கிற்கான கண்ணாடிக் குமிழ்கள் இங்கு ஊதப்பட்டன. அக்குமிழ்கள் ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் மூச்சினால் உருவானவை என்பதைப் பலர் நினைப்பதில்லை.

அந்நாளில் அமெரிக்கக் கண்ணாடி ஆலைகள் பலவற்றில், அச்சைப் பிடிப்பதற்கும் சுடுபொருளை ஆறவைக்கும் அடுப்பிற்குச் சுமந்து செல்வதற்கும் சிறுவர்கள் அமர்த்தப்பட்டனர். 1908ஆம் ஆண்டில் லூயிஸ் ஹைன் என்பவர், தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவிற்காக, இந்தியானா மாநில ஆலையொன்றில் நள்ளிரவில் வேலை செய்த சிறுவரைப் படம் பிடித்தார். அவ்வாலைகளின் விற்பனைக் கணக்கில் அச்சிறுவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

இந்நிலையை மாற்றியதில் இயந்திரத்திற்குப் பெரும் பங்குண்டு. தம் பத்தாம் வயதிலேயே ஆலைவேலைக்குச் சென்ற மைக்கேல் ஓவன்ஸ் 1903 அளவில் தானியங்கிப் புட்டி இயந்திரத்தை உருவாக்கினார். அது பரவியபோது சிறுவரின் வேலையும் குறைந்தது. கைத்தேர்ச்சி பெற்ற ஊதுநரின் பிழைப்பும் அழிந்தது. கார்னிங்கில் 1926ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நாடா இயந்திரம், பின்னாளில் நிமிடத்திற்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட விளக்குக் குமிழ்களை ஊதித் தள்ளியது. அதனை வகுத்த வில்லியம் உட்ஸ் தாமே கண்ணாடி ஊதுநராக இருந்தவர். விடுதலையும் வேலையிழப்பும் ஒரே இயந்திரத்திலிருந்து வந்தன. எனவே, இயந்திரத்தை முற்றிலும் போற்றுவதோ முற்றிலும் தூற்றுவதோ வரலாற்று நேர்மையாகாது.

4. தோல்வியைக் காட்டும் துணிவு

நிறுவனத்தின் நூற்றாண்டு நினைவாக 1951ஆம் ஆண்டில் இவ்வருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்குள்ள பெரும்பொருள் ஒன்று, பலோமார் மலைத் தொலைநோக்கிக்கென 1934 மார்ச்சு மாதத்தில் வார்க்கப்பட்ட 200 அங்குலக் கண்ணாடி வட்டு ஆகும். வார்க்கும்போதே அச்சின் உட்பகுதிகள் சில பெயர்ந்து மிதந்தமையால் அது பயன்படவில்லை. அதே ஆண்டு திசம்பரில் வார்த்த இரண்டாம் வட்டே மலைக்குச் சென்றது. தோற்ற வட்டை மறைக்காமல் மக்கள்முன் நிறுத்தியிருப்பது பாராட்டத்தக்கது.

1972 சூன் 23ஆம் நாள், ஆக்னெஸ் புயலினால் செமங் ஆறு கரைபுரண்டு அருங்காட்சியகத்தினுள் புகுந்தது. ஏறத்தாழ 13,000 பொருள்களுள் 528 சேதமுற்றன. நூலகத்தின் பெரும்பகுதி சேற்றில் நனைந்தது. நனைந்த நூல்களை உறையவைத்துக் காத்து, பின்னர் உலர்த்தினர். ஆகஸ்டு முதல் நாளில் கதவுகள் மீண்டும் திறக்கப்பட்டன. சேற்றை வழித்தெடுத்த கைகளும் இவ்வருங்காட்சியக வரலாற்றின் பகுதியே.

5. ஆசிரியராய் வந்த தொழிலாளி

கார்னிங்கில் 1922ஆம் ஆண்டில் பிறந்த ஹார்வி லிட்டில்டன், ஆலை இயற்பியலாளர் ஒருவரின் மகன். கலைஞர் தனியே தம் கூடத்திலேயே கண்ணாடியை உருக்கிப் பணிபுரிய இயலும் என்று அவர் நம்பினார். 1962 மார்ச்சில் ஒகையோ மாநிலத்து டொலீடோ கலை அருங்காட்சியக வளாகத்தில், சிறு கொட்டகை ஒன்றில் இதற்கான பயிற்சிமுகாம் நடந்தது. முதலில் உருக்கிய கலவை பயன்படவில்லை. டொமினிக் லபினோ தந்த கண்ணாடிக் கோலிகளை உருக்கியபின் குழம்பு கிடைத்தது. ஆனால், அதனை ஊதும் முறையைக் கூடியிருந்தோர் சரிவர அறிந்திலர். அப்போது ஆலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன் என்னும் ஊதுநர் வந்து செய்து காட்டினார்.

இம்முகாமிலிருந்தே இக்காலக் கண்ணாடிக் கலை இயக்கம் பிறந்ததென நூல்கள் கூறுகின்றன. லிட்டில்டனின் பெயரை யாவரும் அறிவர். லீஃப்கிரீனின் பெயரை அறிந்தோர் சிலரே. ஆலை தன் ஊதுநரை மறந்தது; கலையும் அவரை ஏறத்தாழ மறந்தது.

6. தங்கிப் பணிபுரியும் கலைஞர்

1996ஆம் ஆண்டில் இவ்வருங்காட்சியகம் பயிற்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து தெரிந்தெடுக்கப்படும் கலைஞர் அங்குத் தங்கி, உலைகளையும் கருவிகளையும் பயன்படுத்திப் புதியன செய்து பார்க்கின்றனர். அருகிலுள்ள நூலகமும் பழம்பொருள்களும் அவர்களுக்கு ஆசிரியர்கள். வாஷிங்டன் மாநிலத்து டக்கோமாவில் 2002இல் திறந்த கண்ணாடி அருங்காட்சியகமும் இவ்வாறே உலையரங்கமும் வருகைக் கலைஞர் திட்டமும் உடையது. அந்நகரில் பிறந்த புகழ்பெற்ற கலைஞர் டேல் சிகூலி, 1976இல் விபத்தினால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். பின்னர்த் தோளிலும் காயமுற்றபின், குழாயைப் பிறரிடம் ஒப்படைத்து வரைந்தும் வழிநடத்தியும் வந்தார். அவருடைய படைப்புகள் குழுவினரின் கைகளால் உருவானவை. எனவே நம் பழைய வினா இங்கும் தொடர்கிறது. ஆயினும், திறந்த உலையின் முன் அமர்ந்திருப்போர் குழுவை முழுமையாகக் காண்கின்றனர். பெயர்ச்சீட்டு மறைப்பதைக் கண் காண்கிறது.

முடிவுரை

நம் ஆலயங்கள் சிலவற்றில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் உள்ளன. அவற்றின் அடியில் யாருடைய நினைவாக, யாருடைய கொடையால் அமைந்தன என்னும் குறிப்பைப் படித்திருக்கிறோம். அக்கண்ணாடியை ஊதியவர், வெட்டியவர், ஈயத்தால் இணைத்தவர், ஏணியில் ஏறிப் பொருத்தியவர் யாவர் என்று நாம் கேட்டதுண்டா? சபை வரலாறு எழுதும்போதும் கட்டடத்தையும் கொடையாளரையும் திறப்புவிழாத் தலைவரையும் பதிவுசெய்து, சுண்ணாம்பு சுமந்தவரை விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இழந்த பெயர்கள் பலவற்றை இனி மீட்க இயலாது. ஆனால், இன்று நம் சபைகளில் முதியோராயுள்ள தொழிலாளரிடம் இன்றே கேட்டு எழுதிவைக்கலாம். பதிவேட்டில் அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது எந்தப் போதகருக்கும் இயலக்கூடிய பணியாகும்.