பேனாக்கத்தியின் கதை

அன்றாடம் புழங்கும் சொற்கள் சில தம் பிறப்பைத் தாமே மறந்துவிடுகின்றன. 'பேனாக்கத்தி' அவற்றுள் ஒன்று. பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று வகுப்பில் கேட்டால், பேனாவைப் போலச் சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய கத்தி என்று மாணவர்கள் விடை சொல்கிறார்கள். பொருத்தமான ஊகம்தான், ஆனால் வரலாறு வேறு. 'பேனா' போர்த்துக்கீசியரிடமிருந்து நமக்கு வந்த சொல். அவர்கள் மொழியில் 'பெனா' என்பது முதலில் பறவையின் இறகு, பிறகே எழுதுகோல். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் வாத்திறகைக் கொண்டே எழுதினர். எழுத எழுத இறகின் முனை மழுங்கும். அதைச் சீவிக் கூராக்கி, நடுவே பிளந்து, மீண்டும் மையில் தோய்க்க வேண்டும். அந்த வேலைக்கென எழுத்தர்கள் வைத்திருந்த சிறு கத்தியே பேனாக்கத்தி. ஆக, நம் சிறுவயதில் மாங்காய் நறுக்கிய அந்தக் கருவி, பிறப்பால் எழுத்துலகைச் சேர்ந்தது.

இந்த உறவு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. ஓலையில் எழுதிய தமிழ்நாட்டிலும் எழுத்தும் கத்தியும் இணைந்தே இருந்தன. பனையோலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக வாரி, ஓரங்களை நறுக்கிச் செப்பம் செய்த பின்னரே அதில் எழுத்தாணி ஓடும். உ.வே.சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்த 'என் சரித்திரம்' என்னும் நூலில், தாம் படித்த காலத்து எழுத்தாணி வகைகளை விவரிக்கிறார். அவற்றுள் மடக்கெழுத்தாணி என்பது ஒரு பக்கம் எழுத்தாணியும் மறுபக்கம் ஓலை வாரும் கத்தியும் கொண்டது. வேலை முடிந்ததும் மடக்கிவிடலாம். பேனாவும் பேனாக்கத்தியும் ஒரே பிடிக்குள் குடியிருந்த கருவி என்று அதைச் சொல்லலாம். போர்த்துக்கீசியச் சொல் நம் மொழிக்குள் நுழைந்து பழகியதற்கு, அந்தப் பொருளுக்கு ஏற்கெனவே இங்கே ஓர் இடம் இருந்ததும் காரணமாகலாம்.

மடக்குக் கத்தி மிகப் பழைய பொருள். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் கிடைத்த, எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி கி.மு. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். கத்தியோடு கரண்டி, முள்கரண்டி முதலியவற்றை ஒரே பிடியில் மடக்கிவைத்த உரோமானியர் காலக் கருவி ஒன்று கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனினும், எளியவனும் வாங்கக்கூடிய பண்டமாக அதை உலகெங்கும் பரப்பியது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம். அங்கே கத்திக் கொல்லர்களின் சங்கம் 1624இல் சட்டப்படி அமைந்தது. 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையை அங்கே கண்டறிந்தார். நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் பொறித்த ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் கத்திகள் கீழைநாடுகள் வரை பெயர்பெற்றன. தன் திறமையைக் காட்ட அந்நிறுவனம் 1822ஆம் ஆண்டில் 1822 அலகுகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்து வைத்தது.

இந்த இடத்தில்தான் கதை நம் பக்கம் திரும்புகிறது. மூசையில் எஃகை உருக்கும் கலையைத் தென்னிந்தியக் கொல்லர்கள் ஹண்ட்ஸ்மனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அறிந்திருந்தனர். ஈரோட்டை அடுத்த கொடுமணல் அகழாய்வுகளும், பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் சாரதா சீனிவாசன் மேற்கொண்ட ஆய்வுகளும் இதற்குச் சான்று தருகின்றன. ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று குறித்த எஃகு இதுவே. 'உருக்கு', 'உக்கு' என்னும் தென்மொழிச் சொற்களின் திரிபு அது என்பர். 1794இல் பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட், இலண்டன் அரச கழகத்தின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அந்த எஃகின் கட்டிகள் சிலவற்றை அனுப்பினார். அவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் பியர்சன் 1795இல் தம் முடிவுகளைக் கழகத்தில் படித்தார். அந்த ஆராய்ச்சிக்காக, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளர் இந்திய எஃகில் ஒரு துண்டை அடித்து ஒரு கருவி செய்து பார்த்தார். அவர் செய்தது வாளன்று, ஈட்டியன்று, ஒரு பேனாக்கத்தி. அடிப்பதற்குக் கடினமான உலோகம்தான் என்றாலும், மிகச் சிறந்த எஃகுக் கத்திக்கு இணையாக அது வெட்டியது என்றும், இங்கிலாந்தில் வழங்கும் எஃகைவிடப் பல வேலைகளுக்கு மேலானது என்றும் அவர் கருத்துத் தெரிவித்தார்.

ஸ்டோடார்ட் அத்துடன் நிற்கவில்லை. பின்னாளில் மின்னியலின் தந்தையரில் ஒருவராகப் போற்றப்பட்ட மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து, 1819 தொடங்கி வூட்ஸ் எஃகின் மர்மத்தைத் தேடினார். 1820, 1822 ஆண்டுகளில் அவர்களுடைய கட்டுரைகள் வெளிவந்தன. ஸ்டோடார்ட் 1823இல் இறந்தார். அந்த எஃகின் முழு இரகசியமும் அவர்களுக்கு வசப்படவில்லை. ஆனால் எஃகோடு பிற உலோகங்களைக் கலந்து பார்க்கும் கலப்பு எஃகு ஆராய்ச்சிக்கு அது முன்னோடியாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், சென்னை மாகாணத்தில் கும்பெனி அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்து இரும்புக்கல்லும் காட்டு விறகின் கரியுமே அதன் ஆதாரம். மாங்கனீசு சேர்த்து எஃகு செய்யும் அவருடைய 1839ஆம் ஆண்டுக் காப்புரிமை ஷெஃபீல்டின் எஃகு விலையைக் குறைத்தது. அவருக்கோ நெடிய வழக்குகளும் வறுமையுமே மிஞ்சின. பரங்கிப்பேட்டை ஆலையும் நிலைக்கவில்லை. விறகைத் தேடிக் காடுகள் அழிந்தன. கப்பலில் வந்திறங்கிய மலிவான இரும்பின் முன் நாட்டுக் கொல்லரின் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 19ஆம் நூற்றாண்டு முடியும் வேளையில், எஃகு உருக்கிய ஊர்களின் பிள்ளைகள் ஷெஃபீல்டு முத்திரையிட்ட பேனாக்கத்தியைக் கடையில் பார்த்து ஏங்கும் நிலை வந்துவிட்டது.

சிவகளையில் கிடைத்த இரும்பு ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபோது நாம் அடைந்த பெருமிதம் இயல்பானது. ஆனால் இரும்பின் தொன்மையைப் பேசும் நாம், அந்தத் தொழில் கைநழுவிய இந்த அண்மைக் கதையைப் பேசுவதில்லை. முதல் கதை தொல்லியலாளர்களுக்கு உரியது. இரண்டாவது கதை நம் தாத்தாக்களின் மேசை இழுப்பறையில் கிடந்தது.

இனி, இழுப்பறையிலிருந்து சட்டைப்பைக்கு வருவோம். 1830களில் பர்மிங்ஹாமின் எஃகு முள்கள் இறகை வெளியேற்றின. வேலை இழந்த பேனாக்கத்தி பென்சிலைப் பற்றிக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டில் பென்சிலும் கைவிட்டது. ஷார்ப்னர் வந்தது, அதை வாங்க இயலாத பிள்ளைகளுக்கு அப்பா சவரம் செய்து போட்ட பாதிப் பிளேடு இருந்தது. எழுத்துலகிலிருந்து இப்படிப் படிப்படியாக வெளியேற்றப்பட்ட கத்தி, கடைசியில் வந்து சேர்ந்த இடம் சிறுவர்களின் கால்சட்டைப்பை. 1980களில் எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாக் கடைகளில் மீன் வடிவப் பித்தளைப் பிடியோடு அது விற்கும். அலகை இழுத்தால் மீன் வயிற்றிலிருந்து கத்தி வரும். உண்டிவில்லுக்குக் கொய்யாக் கவையை வெட்டவும், நுங்கு வண்டிக்குக் குச்சி சீவவும், பம்பரக்கட்டையின் பிசிறு நீக்கவும், பூவரச மரத்தில் பெயர் பொறிக்கவும் அது பயன்பட்டது. மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் அடைப்பது தனிக்கலை. உண்மையில் அந்தக் கத்தி அவ்வளவாக வெட்டாது. இரண்டு மழையில் துரு ஏறிவிடும். ஆயினும் அதை வைத்திருந்தவன் எங்களுக்குள் தலைவன்.

அப்படியொரு கத்தி பழைய பெட்டியிலிருந்து கிடைக்கும்போது நடுவயதுக்காரர்களின் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த உணர்வை நாம் 'ஏக்கம்' என்று பொதுவாகச் சொல்கிறோம். ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொ. தம் நூலுக்குத் தலைப்பாக்கிய 'நனவிடை தோய்தல்' இன்னும் பொருத்தமான சொல். மேலைநாட்டில் இதை முதலில் ஒரு நோயாகவே கருதினர். 1688இல் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், வீட்டை விட்டுப் பிரிந்து வாடுவோரைப் பற்றிய தம் ஆய்வேட்டில் 'நாஸ்டால்ஜியா' என்ற பெயரை உருவாக்கினார். அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்களோடு அந்த நோய் நெடுங்காலம் சேர்த்துப் பேசப்பட்டது. அதே சுவிட்சர்லாந்தில், பிழைப்புத் தேடி மக்கள் வெளியேறிய ஒரு காலத்தில், 1884இல் கார்ல் எல்சனர் பட்டறை தொடங்கி, 1891இல் படைவீரர்களுக்கு மடக்குக் கத்தி செய்துகொடுத்தார். ஊர் ஏக்கத்துக்குப் பெயர் சூட்டிய நாடே உலகம் நினைவில் வைத்திருக்கும் கத்தியையும் தந்தது தற்செயல்தான்.

சிறுவர் கையிலிருந்து கத்தி விலகிய வரலாறு ஜப்பானில் துலக்கமாகத் தெரிகிறது. ஹியோகோ மாநிலத்தின் மிகி நகரில் 1890களில் உருவான 'ஹிகோனோகாமி' என்னும் எளிய மடக்குக் கத்தி அந்நாட்டுப் பள்ளிப்பிள்ளைகளின் பென்சில் கத்தியாக இருந்தது. 1960 அக்டோபர் 12 அன்று சோசலிஸ்டுக் கட்சித் தலைவர் அசானுமாவை டோக்கியோ மேடையிலேயே 17 வயது இளைஞன் ஒருவன் குறுவாளால் குத்திக் கொன்றான். அந்தக் குறுவாளுக்கும் பென்சில் கத்திக்கும் தொடர்பில்லை. ஆனாலும் பிள்ளைகள் கையில் கூரிய பொருள் கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவிற்று. பட்டறைகள் மூடப்பட்டன. நாகானோ மாநிலத்து இகேதா என்னும் ஊரின் தொடக்கப்பள்ளி ஒன்று மட்டும், 1980களில் தொடங்கி, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அந்தக் கத்தியையே பரிசாகத் தந்து பென்சில் சீவப் பழக்கிவந்திருக்கிறது.

அந்தப் பள்ளியைப் போல நாமும் செய்யலாமே என்று எளிதாக எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். சாதியின் கைக்கு இரும்பு எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கும் மண்ணில், புத்தகப்பையைச் சோதிக்கும் ஆசிரியரைக் குறைசொல்ல முடியாது. நம் நனவிடை தோய்தல் கத்தியை மீண்டும் பள்ளிக்குள் கொண்டுவருவதற்கான வாதமாக முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேனாக்கத்தியை நினைத்து உருகுபவர்கள் பெரும்பாலும் ஆண்களே. அதே வயதில், அதே வீட்டில், எங்கள் அக்கா தங்கைகள் அரிவாள்மனையின் முன் அமர்த்தப்பட்டிருந்தார்கள். எங்கள் மீன் கத்தியைவிடப் பன்மடங்கு கூரான அலகு அது. அவர்கள் விரலில் பட்ட காயங்களை யாரும் வீரத்தழும்பாகக் கொண்டாடவில்லை. அதைப் பற்றி எவரும் ஏக்கத்தோடு கட்டுரை எழுதியதும் இல்லை. எங்களுக்குக் கத்தி விளையாட்டாக வந்தது, அவர்களுக்கு வேலையாக வந்தது. விளையாட்டே ஏக்கமாகத் திரும்புகிறது. வேலை, வெறும் பழக்கமாகக் கையில் தங்கிவிடுகிறது.

அப்படியானால் நாம் எதை எண்ணி ஏங்குகிறோம்? துருப்பிடித்த தகட்டை அன்று என்பது உறுதி. இவன் கையை வெட்டிக்கொள்ளமாட்டான், பிறரையும் வெட்டமாட்டான் என்று பெரியவர்கள் நம்பிக் கொடுத்த முதல் பொருள் அது. கத்தியைக் கையில் நீட்டாதே, கீழே வை; எதிரில் இருப்பவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று நம் வீடுகளில் சொல்லிக்கொடுத்த வழக்கத்தையும் அதோடு சேர்த்தே கற்றோம். உறவு அறுபடும் என்ற அச்சத்தில் பிறந்த வழக்கம்தான். ஆயினும் கூர்மையைப் பிறரிடம் சேர்ப்பதற்கு ஒரு முறை உண்டு என்பதை அது கற்பித்தது. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட கூர்மையைப் பொறுப்போடு மடக்கி வைக்கத் தெரிவதுதான் வளர்ச்சி என்றால், அதற்கான பாடத்தை இன்றைய பிள்ளைகளுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருசேர, எந்தப் பொருளைக் கொண்டு கற்பிக்கிறோம் என்பதே என் கேள்வி. சரசுவதி பூசையன்று புத்தகங்களோடு கருவிகளையும் வைத்து வணங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மடக்கெழுத்தாணியை வைத்திருந்த காலத்தில் அது எதைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்திருக்காது. இன்று புத்தகத்தை ஒருபுறமும் கருவியை மறுபுறமும் வைக்கிறோம்.