நிலையற்ற அந்நிய முதலும் மதுரை வட்டாரமும்

வெளிநாட்டார் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போட்டு, நினைத்த நாளில் விற்று எடுத்துக்கொண்டு போகக்கூடிய பணமே நிலையற்ற அந்நிய முதல். ஆலை கட்ட வரும் நேரடி முதலீடு அவ்வளவு எளிதில் வெளியேறாது. நிலையற்ற முதலின் வரவையும் வெளியேற்றத்தையும் வளரும் நாடுகள் சமாளிக்கும் விதத்துக்கு இந்தியாவின் 2013 நெருக்கடி நல்ல சான்று. டெல்லியிலும் மும்பையிலும் எடுத்த முடிவுகள் அப்போது மதுரை தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகள் வரை எட்டின.

இதற்கான பாடம் 1991-லேயே கிடைத்தது. குறுகிய காலக் கடன்கள் புதுப்பிக்கப்படாமல், வெளிநாடு வாழ் இந்தியரின் வைப்புகளும் வெளியேறியபோது, எஸ். வெங்கிடரமணன் ஆளுநராக இருந்த ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை அடகு வைத்தது. சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1993-ல் அளித்த அறிக்கை, குறுகிய காலக் கடனைக் கட்டுக்குள் வைக்கவும் கடனல்லாத நீண்டகால முதலீட்டை வரவேற்கவும் சொன்னது. கதவை மூடாமல் எந்தப் பணம் எந்த வழியில் வரலாம் என்று தீர்மானித்த இந்த அணுகுமுறையே பின்னாளில் நாட்டைக் காத்தது. பணம் அளவுக்கு மீறி வந்த காலத்துக்கு வேறு கருவி இருந்தது: ரிசர்வ் வங்கி டாலரை வாங்கிக்கொண்டு, அதனால் பெருகும் ரூபாயை 2004 முதல் சந்தை நிலைப்படுத்தல் பத்திரங்களால் உறிஞ்சியது.

2013 மே 22-ல் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கி, பத்திரக் கொள்முதல் குறையக்கூடும் என்றார். வளரும் நாடுகளிலிருந்து முதல் வெளியேறத் தொடங்கியது. 2012-13-ல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதம் என்பதால் இந்தியா கடுமையாக அடிபட்டது. ஆகஸ்ட் 28-ல் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. செப்டம்பரில் ஆளுநரான ரகுராம் ராஜன், வெளிநாடு வாழ் இந்தியர் குறைந்தது மூன்றாண்டுக்குப் போடும் டாலர் வைப்புகளை வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் ஆண்டுக்கு 3.5 சதவீதச் செலவில் ரூபாயாக மாற்றிக்கொள்ளும் வசதியைத் திறந்தார். வங்கிகளின் வெளிநாட்டுக் கடனுக்கான வசதியையும் சேர்த்து நவம்பர் முடிய சுமார் 34 பில்லியன் டாலர் வந்தது. முதிர்வுத் தொகைகள் 2016-ல் பெரிய சலசலப்பின்றித் திருப்பித் தரப்பட்டன. ஆனால் கடன் வாங்கி வைப்புப் போட முடிந்த வசதிபடைத்தவர்களே இதில் பெரும்பலன் கண்டனர். வளைகுடாவிலிருந்து ராமநாதபுரத்துக்கும் சிவகங்கைக்கும் மாதச் சம்பளத்தை அனுப்பும் தொழிலாளிக்கு அதில் இடமில்லை.

சுமை வேறு பக்கம் விழுந்தது. ரூபாயைத் தாங்க ரிசர்வ் வங்கி ஜூலையில் வங்கிகளுக்கான அவசரக் கடன் வட்டியை 10.25 சதவீதமாக்கியது. பருத்தி வரத்துக் காலத்தில் பஞ்சை மொத்தமாக வாங்கி இருப்பு வைக்கும் மதுரை வட்டார நூற்பாலைகள் வங்கிக் கடனை நம்பியே ஓடுகின்றன. ரூபாய் சரிந்ததில் நூல் ஏற்றுமதிக்கு லாபம்தான். ஆனால் வட்டியும் இறக்குமதி நீண்ட இழைப் பஞ்சின் விலையும் அதைத் தின்றன.

தங்கத்தில் தாக்கம் இன்னும் நேரடியானது. பக்கத்துச் சிவகங்கையைச் சேர்ந்த நிதியமைச்சர் ப. சிதம்பரம் காலத்தில், நடப்புக் கணக்குப் பற்றாக்குறையைக் குறைக்க, 2013 ஜனவரியில் 6 சதவீதமான தங்க இறக்குமதி வரி ஆகஸ்டில் 10 சதவீதமானது. இறக்குமதியில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதியாளருக்கு ஒதுக்கவேண்டும் என்ற விதியும் வந்தது. கல்யாணத்துக்குப் பவுன் சேர்ப்பவர் வெளிநாட்டு முதலீட்டாளரின் பதற்றத்துக்கு விலை கொடுத்தார், கடத்தலும் பெருகியது. அந்த ஒதுக்கீட்டு விதி 2014 நவம்பரில் நீங்கினாலும் வரி நீடித்தது. 2022-ல் டாலர் மீண்டும் வெளியேறியபோது அது 15 சதவீதத்துக்கு ஏறி, 2024 ஜூலையில்தான் 6 சதவீதமாக இறங்கியது.