கங்காணி இன்னும் ஊருக்குள் வருகிறான்

செஞ்சியின் வரலாறு என்றால் ராஜா தேசிங்கைச் சொல்வார்கள். 2025-ல் கோட்டை யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. செஞ்சி அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து மொரீசியஸ், நேட்டால், மலாயா என்று கப்பலேறிப் போனவர்களின் வரலாறு எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களில் கணிசமானோர் நிலமற்ற நம் மக்கள்.

வேலை என்று சொல்லி ஆளைக் கடனில் கட்டும் தந்திரத்தை முழுதாகக் காட்டுவது இலங்கைத் தேயிலைத் தோட்டம்தான். ஆள் சேர்த்தவன் கங்காணி. தெரிந்தவன், சில நேரம் உறவுக்காரன். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி அழைத்து வந்ததாக மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். முன்பணம் கொடுத்தான். வழிச்செலவு, சோறு, கம்பளி எல்லாம் கடனில் ஏறின. தோட்டம் மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்பேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் தொழிலாளியின் தலையிலேயே இருக்கும். துண்டுமுறை 1921-ல்தான் சட்டப்படி ஒழிந்தது.

ஒழிந்ததா? 2022-ல் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் பட்டம் படித்தவர்கள். அன்று பஞ்சம் துரத்தியது, இன்று வேலையின்மை துரத்துகிறது. இங்கேயோ, முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்கள் செங்கல் சூளைகளில் கட்டுண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே தோழர்களே, வேலை என்று யார் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்.

பணம் எந்தப் பக்கம் போகிறது? வேலைக்கு முன்பே 'டெபாசிட்' கேட்பவன் வேலை தருபவன் அல்ல. வெளிநாட்டு வேலைக்கு முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான்.

முகவர் யார்? 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று இமைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

காகிதம் யார் கையில்? பாஸ்போர்ட்டையோ அசல் சான்றிதழையோ பிடித்து வைப்பவன் இன்னொரு துண்டு எழுதுகிறான்.

இணையத்தில் பணம் இழந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். முன்பணத்துக்காக அடைத்து வைத்திருந்தால், 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள்.

ஏமாந்தவரைப் பார்த்து 'புத்தி எங்கே போச்சு' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் வாய் திறப்பதில்லை. அவர்கள் வாய் திறக்காதவரை கங்காணி அடுத்த தெருவுக்குப் போய்க்கொண்டே இருப்பான்.