எரியாத ஃப்யூஸும் எரிஞ்ச கார்ப்பெட்டும்

2007, ஐப்பசி மழை. மாமா பையனோட பழைய எஸ்டீம்ல திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போய்க்கிட்டு இருந்தோம். டிக்கியில புது ஆம்ப்ளிஃபையர், பக்கத்துல பன்னிரண்டு இஞ்ச் வூஃபர். மாட்டி நாலே நாள். ஆலங்குளம் தாண்டினதும் ரப்பர் கருகுற வாசனை. முன்னாடி போற லாரின்னு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல என் இடது கால் சுட ஆரம்பிச்சுது. "ஏல, வண்டிய நிப்பாட்டுல"ன்னு கத்துறதுக்குள்ள கதவோரக் கார்ப்பெட்லேர்ந்து புகை.

பானெட்டைத் திறந்து, துண்டைச் சுத்திப் பிடிச்சு பேட்டரி டெர்மினலை உருவி எடுத்தோம். அதோட நின்னுது. கதவுக்குக் கீழே வயர் போன இடத்துல தகரத்தோட விளிம்பு உரசி உரசித் தோலைக் கிழிச்சிருக்கு. பிளஸ் வயர் நேரா பாடியில ஷார்ட்.

அப்புறம் டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஆம்ப் மேல இருந்த ரெண்டு பச்சை ஃப்யூஸ், ஆளுக்கு 30 ஆம்பியர், ரெண்டுமே முழுசா இருந்துச்சு! மாட்டின கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்துது: "ஆம்ப்லயே ஃப்யூஸ் இருக்கே சார், தனியா எதுக்கு?" எனக்கும் அன்னிக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு. ஃப்யூஸ்னா சாமானைக் காப்பாத்துறதுக்குன்னுதானே நானும் நினைச்சிருந்தேன். அது தப்புன்னு தெரிஞ்சதும் இந்த ஃப்யூஸோட பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

ஆரம்பம் தந்தியில. 1847ல பிரான்சு நாட்டு பிரெகே, தந்தி நிலையங்கள் மேல இடி விழுந்தா காப்பாத்துறதுக்கு வழியில ஒரு மெல்லிசு கம்பியை வைக்கலாம்னு சொன்னார். இருக்கறதிலேயே நோஞ்சான் கம்பி எதுவோ அது முதல்ல சாகட்டும், மத்ததெல்லாம் பிழைக்கட்டும். அப்புறம் எடிசன். 1880ல அவர் வாங்கின காப்புரிமையில அதுக்குப் பேரே பாதுகாப்புக் கம்பி. வீடு வீடா மின்சாரம் விக்கக் கிளம்பின மனுஷனுக்கு, பல்பு போனா இன்னொரு பல்பு விக்கலாம். சுவருக்குள்ள போற கம்பி பழுத்து வீடே எரிஞ்சா வியாபாரம் முடிஞ்சுது. கிளை பிரியற இடத்துலயே ஃப்யூஸை வைக்கிற வழக்கம் இந்தக் கணக்குலதான் நிலைச்சுது. நம்ம ஊர்ல பீஸ் கட்டை மீட்டருக்குப் பக்கத்துலயே இருக்குறதும், ஒவ்வொரு ஃபேனுக்குள்ளயும் இல்லாததும் அதனாலதான். (எங்க அப்பா அடிக்கடி பீஸ் போகுதுன்னு ஒரு இழைக்கு மூணு இழையா சுத்துவார். நாங்க பிழைச்சது அதிர்ஷ்டம்.)

காருக்குள்ள பாட்டு வந்த கதையிலயும் நெருப்பு உண்டு. 1930ல சிகாகோவுல பால் கால்வின் தன்னோட முதல் கார் ரேடியோவைச் செஞ்சார். பேரு மோட்டோரோலா. அந்த வருஷம் அட்லாண்டிக் சிட்டியில நடந்த ரேடியோ வியாபாரிகள் மாநாட்டு வாசல்ல காரை நிறுத்தி, சத்தமா வச்சு ஆர்டர் பிடிச்சார். அதுக்கு முன்னாடி கடன் கேட்டு ஒரு வங்கிக்காரர்கிட்ட போனாராம். ஆளை மயக்க அவரோட பேக்கார்டு கார்லயே ரேடியோவை மாட்டிக் கொடுத்தாராம். அரை மணி நேரத்துல கார் தீப்பிடிச்சுதாம், கடனும் கிடைக்கலையாம். கால்வின் சரித்திரம் சொல்றவங்க எல்லாரும் சொல்ற கதை இது. எவ்வளவு மெய்யோ, ஆலங்குளத்துக்கு அப்புறம் நான் முழுசா நம்புறேன் :-)

அந்தக் காலக் கார்கள் பெரும்பாலும் 6 வோல்ட். வோல்ட் குறைஞ்சா அதே வேலைக்கு ஆம்பியர் கூடணும், ஆம்பியர் கூடினா வயர் பருக்கணும். 1950களின் நடுவுல அமெரிக்கக் கம்பெனிகள் வரிசையா 12 வோல்ட்டுக்கு மாறினதும் ஆம்பியர் பாதியாச்சு. அந்த நிம்மதியைக் கெடுத்தது நம்ம ஆம்ப்தான். 12 வோல்ட்டை அப்படியே வச்சுக்கிட்டு 4 ஓம் ஸ்பீக்கருக்கு சுத்தமா 20 வாட்டுக்குப் பக்கத்துலதான் கொடுக்க முடியும். ஸ்டீரியோ பெட்டி மேல 50x4னு போட்டிருக்கிறதைப் படிச்சு ஏமாறாதீங்க. அதுக்கு மேல வேணும்னா உள்ளேயே வோல்ட்டை ஏத்தணும். 1930கள்ல வால்வு ரேடியோவுக்கு அதைச் செஞ்சது டர்ருனு அதிர்ற வைப்ரேட்டர். 1970கள்ல ஜிம் ஃபோஸ்கேட் மாதிரி ஆளுங்க காருக்குன்னே பவர் ஆம்ப் செய்ய ஆரம்பிச்சாங்க, அந்த வேலையை டிரான்சிஸ்டர் எடுத்துக்கிச்சு. உள்ள ஏத்துற ஒவ்வொரு வோல்ட்டுக்கும் வெளியில பேட்டரி ஆம்பியரா அழணும்.

எங்க ஆம்ப் 400 வாட், பழைய ஏபி ரகம். பாதி சூடாவே போயிடும். ஆக உள்ள வாங்குறது 800 வாட். 13.8ஆல வகுத்தா 58 ஆம்பியர். ரெண்டு 30 ஆம்பியர் ஃப்யூஸோட கணக்கும் ஒத்துப்போகுது பாருங்க. கடைக்காரர் போட்டது வீட்டுக்குப் போடுற 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 5 மீட்டர். அதுல மட்டும் கிட்டத்தட்ட 2 வோல்ட் காணாமப் போகும். பாஸ் அடிக்கும்போது சத்தம் தொங்கினதுக்குக் காரணம் இதுதான். நாங்க வூஃபரைத் திட்டிக்கிட்டு இருந்தோம். ஷார்ட் ஆனப்போ ஒரு 200 ஆம்பியர் ஓடியிருந்தாலே, அந்த ரெண்டரை மீட்டர் வயர் இஸ்திரிப் பெட்டி அளவுக்குச் சூட்டைக் கக்கும். அந்த மின்சாரம் டிக்கிப் பக்கமே போகல. பாதியிலயே பாடியில இறங்கி பேட்டரிக்குத் திரும்பிடுச்சு. டிக்கியில இருந்த ஃப்யூஸுக்கு விஷயமே தெரியாது.

அமெரிக்காவுல பழைய கண்ணாடி ஃப்யூஸ்ல எஸ்எஃப்இன்னு ஒரு வகை இருந்துச்சு. ஆம்பியருக்கு ஆம்பியர் நீளமே மாறும். சின்ன ஃப்யூஸ் இருந்த இடத்துல பெருசை வைக்க நினைச்சா உள்ளயே போகாது. மனுஷ சுபாவத்தைப் புரிஞ்சவங்க செஞ்சது. 1970கள்ல வந்த கத்தி ஃப்யூஸ்ல நிறம் மட்டும்தான் மாறும்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. அளவெல்லாம் ஒண்ணு. சிவப்பு இருந்த இடத்துல பச்சையைச் செருகுனா யாரும் தடுக்க மாட்டாங்க. வசதிக்காக ஒரு நல்ல புத்தியை விட்டுட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

மறு வாரம் நானே உக்காந்து மாத்தினேன். வெல்டிங் கேபிள், 16 சதுர மில்லிமீட்டர், சுத்தச் செம்பு. 58 ஆம்பியர் ஓடினாலும் இழப்பு மூணுல ஒரு பங்கு வோல்ட்டுக்குள்ள. பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள்ள 60 ஆம்பியர் ஃப்யூஸ். 100 போட்டா என்னன்னு மச்சான் கேட்டான். அந்தக் கேபிள் ஒருவேளை தாங்கியிருக்கும். ஆம்ப் 60க்கு மேல கேக்கவே கேக்காதுங்கும்போது எதுக்கு? வயர் தாங்குறதுக்குக் கீழயும், ஆம்ப் கேக்குறதுக்குக் குறையாமலும் இருந்தா போதும். மைனஸுக்கும் அதே கேபிள், அரை மீட்டர், பெயின்ட்டைச் சுரண்டி போல்ட் போட்டு. தகரத்தைத் துளைக்கிற இடமெல்லாம் ரப்பர் வாஷர்.

டிஸ்கி: பெரிய கேஜ்னு மலிவா விக்கிற கிட் வயரை வாங்கினா ஒரு இழையை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது செம்பு முலாம் பூசின அலுமினியம். செம்பு கடத்துறதுல 60 சதவீதம் சொச்சம்தான் கடத்தும், அதுக்குத் தக்கபடி பருமனா எடுக்கணும். நான் முதல்ல வாங்கின சுருளும் அதுதான். இப்ப எங்க வீட்டு மாடியில துணி காயுது அதுல.