அறுவை அரங்கச் செவிலியம்: மும்பை வழியே ஒரு வரலாறு

அறுவை சிகிச்சை முடியும் தறுவாயில், வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் சர்ஜன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அவரை நிறுத்தும் உரிமை செவிலியருக்கு உண்டு. உள்ளே போன துணியும் ஊசியும் கருவியும் அத்தனையும் வெளியே வந்துவிட்டன என்று அவர் சொன்ன பிறகுதான் தையல் போட வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு வளர்ச்சி இருக்கிறது.

மும்பை மருத்துவமனைகளில் 'ஓ.டி. சிஸ்டர்' என்று பொதுவாகச் சொன்னாலும் வேலைகள் வேறு வேறு. கை கழுவி, கவுனும் கையுறையும் அணிந்து, மேசையருகே நின்று கருவி எடுத்துக் கொடுப்பவர் ஸ்க்ரப் நர்ஸ். கிருமி நீக்கிய வட்டத்துக்கு வெளியே நின்று பொட்டலங்களைப் பிரித்துக் கொடுப்பவரும் கணக்கை எழுதுபவரும் சர்க்குலேட்டிங் நர்ஸ். இருவருக்கும் மேலே இருக்கும் பொறுப்பு சிஸ்டரின் வேலை முதல்நாளே தொடங்கிவிடுகிறது. நாளைய பட்டியல் என்ன, எந்த மேசைக்கு யார், எந்தக் கருவி செட் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து வந்துவிட்டது, எந்த நூல் தீரப்போகிறது, மார்ஃபின் பூட்டின் சாவி யாரிடம் என்பதெல்லாம் அவர் கவனிக்க வேண்டியவை. மும்பையில் 'மாமா' என்று அழைக்கப்படும் வார்டு ஊழியர்களையும் 'மாவ்ஷி' எனப்படும் ஆயாக்களையும் அவர்தான் ஏவ வேண்டும். மருத்துவமனையில் இதைவிடக் கடினமான நிர்வாகப் பதவிகள் அதிகமில்லை. ஆனால் வெளியில் இது நிர்வாகமாகவே தெரிவதில்லை.

பம்பாயில் சர் ஜாம்ஷெட்ஜி ஜீஜிபாய் பெயரிலான ஜே.ஜே. மருத்துவமனை 1845-இல் திறக்கப்பட்டபோது மயக்க மருந்தே கிடையாது. அமெரிக்காவின் பாஸ்டனில் ஈதர் கொடுத்துப் பலர் முன்னிலையில் அறுவை செய்து காட்டியது மறு ஆண்டு அக்டோபரில்தான். வலி தாங்காமல் துடிக்கும் நோயாளியிடம் வேகம் ஒன்றுதான் எடுபடும். அந்தக் காலத்து அரங்கத்தில் பயிற்சி பெற்ற செவிலியருக்கு இடமே இல்லை. மயக்க மருந்து வந்ததும் சர்ஜனுக்கு நேரம் கிடைத்தது. 1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமில முறையை வெளியிட்டதும் சுத்தம் ஒரு விதியாயிற்று. நேரமும் விதியும் சேர்ந்த இடத்தில் அதைக் கண்காணிக்க ஆள் வேண்டியிருந்தது.

ஈதர் காட்டிய அதே பாஸ்டன் மருத்துவமனை, 1876-இல் செவிலியருக்கு அறுவை அரங்கப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. 1889-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அது தனிப் பிரிவாக ஏற்கப்பட்டது. அங்கே அரங்கத் தலைமைச் செவிலியராக இருந்த கரோலின் ஹாம்ப்டனின் கைகள் பாதரசக் கரைசலில் வெந்து புண்ணாகின. அவருக்காகவே சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் நிறுவனத்திடம் மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். இன்று உலகமெங்கும் நோயாளியைக் காக்கும் கையுறை, முதலில் ஒரு செவிலியரின் தோலைக் காக்க வந்தது.

இந்தியாவில் செவிலியப் பள்ளி முதலில் அமைந்தது சென்னை அரசு பொது மருத்துவமனையில், 1871-இல். பம்பாயில் காமா மருத்துவமனை 1886-இல் திறந்தது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுத்த பெண்களுக்கென அமைந்த மருத்துவமனை அது. அதன் பொறுப்பை ஏற்ற இங்கிலாந்து மருத்துவர் ஈடித் பீச்சி, செவிலியர் பயிற்சியையும் அங்கே தொடங்கினார். பெண் மருத்துவரும் பெண் செவிலியருமாகச் சேர்ந்து இயங்கும் அரங்கம் என்பது அன்றைய பம்பாய்க்கு மிகப் புதிது. பம்பாய் மாகாணத்தில் செவிலியர் பதிவுச் சட்டம் வந்தது 1935-இல். நாடு முழுவதற்குமான இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியிருந்தது.

பரேலில் கே.இ.எம். மருத்துவமனை 1926-இல் எழுந்தது. தாராவிக்குப் பக்கத்தில் சயான் மருத்துவமனை, அதாவது லோக்மான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை, 1947-இல் சிறிய அளவில் தொடங்கி 1964-இல் மருத்துவக் கல்லூரியும் பெற்றது. இந்தப் பெரிய மாநகராட்சி மருத்துவமனைகளில்தான் அரங்கச் செவிலியம் மும்பைக்கென ஒரு திறமையாக உருவெடுத்தது. கூட்டம் அதிகம், பொருள் குறைவு என்ற நிலைமைதான் அதை உருவாக்கியது.

பயன்படுத்தி எறியும் பொருள்கள் பரவுவதற்கு முன், அரங்கத்துக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி அங்கேயே தயாரானது. காலைப் பட்டியல் முடிந்ததும் காஸ் துணியை அளந்து வெட்டி, நூல் பிசிறு உள்ளே போகும்படி மடித்து, டிரம்மில் அடுக்குவார்கள். ரப்பர் கையுறைகளைக் கழுவி, ஒவ்வொன்றிலும் காற்றடைத்து, நீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். ஓட்டை இல்லாததைக் காயவைத்துப் பவுடர் தூவி, அளவுவாரியாக ஜோடி சேர்த்து ஆட்டோகிளேவுக்கு அனுப்புவார்கள். 121 டிகிரி செல்சியஸ் நீராவி டிரம்முக்குள் போக அதன் பக்கவாட்டுத் துளைகள் திறந்திருக்க வேண்டும். வெளியே எடுத்தவுடன் மூட வேண்டும். மூட மறந்த டிரம் முழுவதும் வீண். இந்தச் சின்னச் சின்ன ஒழுங்குகள்தான் அன்றைய தொற்றுத் தடுப்பு. பாடநூலைவிட மூத்த சிஸ்டரின் கண்டிப்பில்தான் அவை பிழைத்து வந்தன.

1968 பிப்ரவரியில் கே.இ.எம்.மில் டாக்டர் பி.கே. சென் குழு இந்தியாவின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தது. உலகில் முதல் இதய மாற்று நடந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. நோயாளி சில மணி நேரமே உயிரோடு இருந்தார். இதயம் கொடுப்பவருக்கு ஒரு பக்கமும் பெறுபவருக்கு ஒரு பக்கமுமாக இரண்டு செட் கருவி, இரண்டு குழு, இதய-நுரையீரல் இயந்திரம் என எல்லாம் ஒரே நேரத்தில் தயாராக இருக்க வேண்டிய வேலை அது. சென்னின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. கருவித் தட்டு வைத்தவர்களின் பெயரையும் அந்த வரலாறு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 1990-இல் ஜே.ஜே.யில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா, சிறு துளை வழியே கேமரா கொண்டு பார்க்க உதவும் லேப்ராஸ்கோப் மூலம் பித்தப்பையை அகற்றியபோது செவிலியர் வேலை இன்னொரு முறை மாறியது. லென்ஸும் கேமராவும் பழைய டிரம்முக்குள் போடக்கூடியவை அல்ல.

தொழில்நுட்பம் எவ்வளவு மாறினாலும் இந்தத் துறையின் உயிர்நாடி எண்ணிக்கைதான். மாப் எனப்படும் நாடா தைத்த துணிகள் ஐந்தைந்தாக வரும். அறுவை தொடங்கும் முன் இரு செவிலியரும் சேர்ந்து, வாய்விட்டு எண்ணுவார்கள். எண் சுவர்ப் பலகையில் ஏறும். வயிற்றுக்குள் வைத்த மாப்பின் நாடாவில் ஒரு கிளிப் மாட்டி வெளியே தொங்கவிடுவார்கள். நனைந்து வாளியில் விழுந்ததை சர்க்குலேட்டிங் நர்ஸ் இடுக்கியால் எடுத்து, ஐந்தைந்தாக விரித்து வைப்பார். வயிற்றை மூடும் முன் ஒரு முறை, தோலைத் தைக்கும் முன் ஒரு முறை மறுபடி எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் அறையிலிருந்து குப்பையோ அழுக்குத் துணியோ வெளியே போகக்கூடாது. தேடியும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதில் தெரிவதற்காகவே மாப்பில் ஒரு தனி இழை வைத்து நெய்கிறார்கள்.

இது வெறும் சடங்கல்ல என்பதற்கு மகாராஷ்டிரமே சாட்சி. 1963 ஜூலையில் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவித்த ஒரு பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை நடந்தது. காய்ச்சலும் வலியும் தணியாமல் ஆறாம் நாள் வயிற்றைத் திறந்தபோது உள்ளே ஒரு துணி இருந்தது. சில நாளில் அவர் இறந்தார். குடும்பம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல். துணி உள்ளே விடப்பட்டதே கவனக்குறைவுக்குச் சான்று, அரசே பொறுப்பு என்றது நீதிமன்றம். கீழ் நீதிமன்றம் விதித்த 36,000 ரூபாய் இழப்பீடு மீண்டும் உறுதியானது. அறுவை நடந்து முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த தீர்ப்பு அது. அன்று துணியை எண்ணும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு ஒவ்வோர் அரங்கமும் முன்கூட்டியே எழுத்தில் பதில் வைத்திருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் செய்ததும் இதைத்தான். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. மயக்கம் கொடுக்கும் முன் நோயாளி தன் வாயாலேயே பெயரையும், என்ன அறுவை, எந்தப் பக்கம் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது அதன் முதல் படி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாகத் தாராவியில் வாழும் குடும்பத்துப் பாட்டிக்கு, மராத்தியில் கேட்டால் தலையை ஆட்டத்தான் தெரியும். "எந்தக் காலும்மா?" என்று தமிழில் கேட்டால்தான் விடை வரும். தமிழ் தெரிந்த சிஸ்டரோ மாவ்ஷியோ அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பதும் பாதுகாப்பில் சேர்ந்ததுதான்.

பட்டியல் போட்டு வருவதில்லை நெருக்கடி. 2006 ஜூலை 11 மாலை மும்பையின் மேற்கு ரயில் பாதையில் பதினோரு நிமிடத்துக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. மாட்டுங்கா ரோடு, மாஹிம் பகுதிகளும் அதில் உண்டு. காயமடைந்தவர்கள் வந்து சேர்ந்த மருத்துவமனைகளில் சயானும் ஒன்று. இப்படிப்பட்ட நேரத்தில் பொறுப்பு சிஸ்டர் முதலில் செய்ய வேண்டியது, அவசரமில்லாத அறுவைகளைத் தள்ளி மேசைகளைக் காலி செய்வது. வயிறு திறக்கும் செட், எலும்பு செட், ரத்தக்குழாய் செட் எத்தனை தயாராக உள்ளன என்று பார்த்து, வீடு திரும்பும் வழியிலிருக்கும் ஷிப்டைத் திரும்ப அழைப்பது அடுத்த வேலை. ரயிலிலிருந்து விழுந்தவர்களைத் தினமும் பார்க்கும் சயான் மருத்துவமனைக்கு இதில் பழக்கம் அதிகம்.

பெரிய அறுவைக்கு ஒரு மேசைக்கு இரண்டு செவிலியர் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அறுவை அரங்கச் செவிலியத்துக்கென ஓராண்டு டிப்ளமோவையும் அது வகுத்திருக்கிறது. ஆனால் படித்தவர் அரங்கத்திலேயே தொடர்வார் என்ற உறுதி இல்லை. ஆள் குறையும்போது அவரையே வார்டுக்கு மாற்றுவது எளிதாகிவிடுகிறது. எலும்பு அறுவையின் நூற்றுக்கணக்கான கருவிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிந்தவரைக் காய்ச்சல் வார்டுக்கு அனுப்பினால் இரண்டு இடத்துக்கும் நஷ்டம். கொரோனாக் காலத்தில் திட்டமிட்ட அறுவைகள் நின்று அரங்கச் செவிலியர் தீவிரச் சிகிச்சைக்குப் போனது தவிர்க்க முடியாதது. சாதாரண நாளிலும் அதே வழக்கம் தொடர்வதற்கு நியாயமில்லை.

1947 சட்டத்துக்குப் பதிலாகத் தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. கல்வித் தரமும் பதிவும் அந்த ஆணையத்தின் கையில் இருக்கும். அரங்கத்துக்குத் தனிப் பதவி வரிசை, தனிப் படி, மேசைக்கு இரண்டு பேர் என்ற கணக்கு ஆகியவற்றை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மருத்துவமனைகளை நடத்தும் மாநில அரசுகளிடமும் மும்பை மாநகராட்சி போன்ற அமைப்புகளிடமும் இருக்கிறது.