தாரைச் சந்தேகித்தவர்

சிகரெட் புற்றுநோயைத் தரும் என்று இன்று பள்ளிச் சிறுவனும் சொல்வான். ஆனால் இதை நாம் அறிந்துகொண்ட வரலாறு அவ்வளவு எளிதானதல்ல.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் பெருகியிருந்தன. வாகனப் புகையும் சாலையில் இடும் தாரும் சந்தேகத்துக்கு உள்ளாயின. ஆய்வில் இறங்கிய ரிச்சர்ட் டாலின் ஐயமும் முதலில் தாரின் மீதே இருந்தது. அவரும் அப்போது புகைப்பவர்தாம்.

டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளின் நோயாளிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டினர். முடிவு 1950இல் வெளிவந்தது. நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைக்காதவர் இருவரே. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட, அதே எண்ணிக்கையிலான பிற நோயாளிகளில் 27 பேர். ஆய்வு முடியுமுன்பே டால் சிகரெட்டை விட்டுவிட்டார்.

1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களையே ஆய்வுக்கு உட்படுத்தித் தொடர்ந்து கவனிக்கலாயினர். 50 ஆண்டுக் கணக்கு 2004இல் வந்தது. கேடு நுரையீரலோடு நிற்கவில்லை. இதயமும் இரத்தக் குழாய்களும் சேர்ந்தே பழுதுபட்டிருந்தன. புகையை விடாத ஆண்கள் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். 60 வயதில் விட்டவருக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன; 50இல் விட்டவருக்கு 6; 30இல் விட்டவருக்கு ஏறக்குறைய முழுவதும்.

டால் 2005இல் தமது 92ஆம் வயதில் மறைந்தார். தாம் கண்ட கணக்குக்குத் தாமே முதலில் பணிந்தவர் அவர். நாமோ பெட்டியிலுள்ள எச்சரிக்கைப் படத்தைக் கட்டைவிரலால் மறைத்தபடி அடுத்ததை உருவுகிறோம்.